எழுபது வளைவும் ஒரு பிடிக் காற்றும்

நாமக்கல்லுக்குப் போய் வந்தவர்கள் ஆஞ்சநேயரைப் பற்றி எழுதுவார்கள். கோழி முட்டையைப் பற்றி எழுதுவார்கள். நான் காற்றைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள். கொல்லிமலைச் சரிவில், பொழுது சாயும் நேரத்தில், எண்பது வயது அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஒரு பிடிக் காற்றுக்காக ஏங்கி நின்றவள் நான்.

அம்மாவுக்கு நெடுநாளாக ஒரே ஆசை. சிறு பெண்ணாக இருந்தபோது, பாதி தூரம் நடந்தும் பாதி தூரம் தாத்தாவின் தோளில் ஏறியும் கொல்லிமலைக்குப் போய் அறப்பளீசுவரரைத் தரிசித்தாளாம். “கண் மங்குவதற்குள் இன்னொரு தரம் பார்த்துவிட வேண்டும்” என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த ஆனி மாதத்தில்தான் வேளை வந்தது. என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. “நானே காரை ஓட்டிக்கொண்டு போகிறேன்” என்றேன்.

புனாவிலிருந்து அண்ணா டெலிபோனில் குதித்தான். “ஆண் துணை இல்லாமல் இரண்டு பேரும் மலையேறப் போகிறீர்களா? வழியில் டயர் பஞ்சரானால் என்ன செய்வாய்?”

“அதற்குத்தான் பம்பு இருக்கிறதே!” என்றேன்.

பிறந்த நாள் பரிசு

அந்தப் பம்பின் கதையைச் சொல்ல வேண்டும். என் ஐம்பத்திரண்டாவது பிறந்த நாளைக்கு என் பெண் வாங்கிக் கொடுத்தது அது. அட்டைப் பெட்டியைத் திறந்து பார்த்த அம்மா, “பிறந்த நாளைக்குப் புடவை கொடுப்பார்கள். பம்பு கொடுப்பார்களோ?” என்று மோவாயில் கை வைத்துக்கொண்டாள்.

பார்த்தால் தண்ணீர்ப் பாட்டில் மாதிரிதான் இருக்கும். அரைக் கிலோ கனம். சுவரில் செருகக் கம்பி கிடையாது. காலால் மிதிக்கவும் வேண்டாம். உள்ளே செல்போனில் இருப்பது போன்ற லித்தியம் பாட்டரி, ஒரு குட்டி மோட்டார். மோட்டார் சுற்றினால் சின்ன உருளைக்குள்ளே பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடும். பின்னால் போகும்போது வெளிக்காற்றை உறிஞ்சும். முன்னால் வரும்போது அதை நசுக்கி, ரப்பர்க் குழாய் வழியாகச் சக்கரத்துக்குள் தள்ளும். எத்தனை பவுண்டு வேண்டும் என்று எண்ணைக் குறித்துவிட்டால், அந்த எண் வந்ததும் தானே நின்றுவிடும். சத்தம் மட்டும் நம் வீட்டு மிக்ஸியைத் தோற்கடிக்கும்!

எங்கள் வண்டிக்கு 33 பவுண்டு. ஒவ்வொரு சதுர அங்குலத்தையும் காற்று அத்தனை பவுண்டு பலத்தோடு அழுத்த வேண்டும் என்று கணக்கு. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று யாரையும் கேட்க வேண்டாம். டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால், பெரும்பாலான வண்டிகளில் தூணிலேயே சீட்டு ஒட்டியிருக்கும்.

லாரி ஊரில் ஓர் இரவு

சென்னையில் விடிவதற்கு முன் புறப்பட்டு, ஆத்தூர், சேலம், ராசிபுரம் வழியாகச் சாயங்காலம் நாமக்கல் சேர்ந்தோம். மலைப்பாறைக்கு அடியில் குடைந்த கோயிலில் நரசிம்மர்; அவரைப் பார்த்தபடி கைகூப்பி நிற்கும் பதினெட்டடி ஆஞ்சநேயர். அவருக்கு மேலே கூரை இல்லை. வெயிலும் மழையும் அவருக்குத்தான். அம்மா நாமகிரித் தாயார் சந்நிதியில் நெடுநேரம் நின்றாள். கணித மேதை ராமானுஜத்தின் குலதெய்வம் அவள். கணக்கில் என்றுமே தேறாத நானும் இரண்டு கும்பிடு அதிகமாகவே போட்டேன்.

கோயிலை விட்டு வெளியே வந்தால் எங்கே பார்த்தாலும் லாரி! வெறும் எஞ்சினும் சட்டமுமாக இந்த ஊருக்கு வரும் வண்டிகளுக்கு மரமும் இரும்பும் வைத்து உடம்பு கட்டிக் கொடுப்பது நாமக்கல்லின் பெயர்போன தொழில். ஒரு லாரி ஓரமாக நின்றிருந்தது. அதன் டிரைவர் கையில் ஒரு கட்டையோடு வண்டியைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு டயரையும் ‘டொக், டொக்’கென்று தட்டி, சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார்.

“என்னடி செய்கிறார்?” என்றாள் அம்மா.

“காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்.”

அம்மா முகத்தில் சந்தோஷம். “சந்தையில் நாங்கள் பானை வாங்குகிற மாதிரியே பார்க்கிறாரே!”

அன்றிரவு, அண்ணாவுக்குப் பதில் சொல்வது போல அம்மாவுக்கு ஒரு கதை சொன்னேன். 1888ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம். ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற மாதரசி, கணவர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியை, அவரிடம் சொல்லாமலே, இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் போய்விட்டாள். மான்ஹைமிலிருந்து பிஃபோர்ட்ஸைமுக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர். வழியில் எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகியிருந்த ஊசியை எடுத்துக் குத்திச் சரி செய்தாள். எண்ணெய் தீர்ந்தபோது மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினாள்.

“பஞ்சரானபோது?” என்றாள் அம்மா.

“அந்த வண்டிச் சக்கரத்தில் காற்றே கிடையாது, அம்மா. ஏறக்குறைய அதே காலத்தில்தான் பெல்ஃபாஸ்டு நகரத்தில் டன்லப் என்ற மாட்டு வைத்தியர், தம் பிள்ளையின் மூன்று சக்கர வண்டி கடகடவென்று குலுங்குகிறதே என்று, ரப்பர்க் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தில் சுற்றிப் பார்த்தார்.”

“அப்படியானால் அவளுக்குக் குலுக்கல் உண்டு, பஞ்சர் இல்லை. உனக்குக் குலுக்கல் இல்லை, பஞ்சர் உண்டு” என்று சொல்லிவிட்டு அம்மா தூங்கிப் போனாள்.

மறுநாள் காலை, டயர்கள் சூடேறுவதற்கு முன், நான்கிலும் 33 வைத்தேன். ஓடிச் சூடான டயரில் காற்று விரிந்து எண் கூடுதலாகக் காட்டும். குளிர்ந்திருக்கும்போது அளந்தால்தான் உண்மை தெரியும். இது வரைக்கும் சமர்த்தாகத்தான் செய்தேன். ஆனால் இரண்டு அசட்டுத்தனங்களும் அங்கேயே நடந்துவிட்டன. பம்புக்குச் சார்ஜ் ஏற்றும் ஒயரை ஓட்டல் அறைச் சுவரிலேயே விட்டுவிட்டேன். அடுத்தது, ஸ்டெப்னியைப் பார்க்கவில்லை. அதை எடுக்க வேண்டுமானால் நான்கு பைகளையும் பட்சணத் தூக்கையும் இறக்க வேண்டும். யார் இறக்குவது?

அறுத்த மீன் பொருந்திய மலை

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டிக் காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து மலைப்பாதை. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை: 1/70, 2/70, 3/70... கொண்டை ஊசி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஆகாயம். ஏற ஏற வெயில் தணிந்தது. சில்வர் ஓக் மரங்கள், அவற்றைக் கட்டிக்கொண்டு ஏறும் மிளகுக் கொடிகள், நிழலில் காப்பிச் செடிகள். வேரிலும் தண்டிலும் காய்த்துத் தொங்கும் பலா. அம்மா பலகைகளை ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டு வந்தாள். எழுபதாவது பலகையில் கைதட்டினாள்!

செம்மேட்டில் வல்வில் ஓரி குதிரைமேல் சிலையாக நிற்கிறான். கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவன் எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்துப் போனதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார்.

பிற்பகலில் அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போனோம். பக்கத்தில் ஐயாறு ஓடுகிறது. அந்த ஆறு சற்றுத் தள்ளி ஆகாய கங்கை அருவியாக விழுகிறது. அருவிக்கு இறங்க ஆயிரத்துக்கு மேல் படிகள். அம்மா மேலேயிருந்தே கும்பிட்டாள். இந்த ஆற்று மீனைப் பிடித்து அறுத்துச் சமைக்கப் போனபோது, துண்டுகள் ஒன்றாகப் பொருந்தித் துள்ளி மீண்டும் நீரில் குதித்தன என்பது தல வரலாறு. அம்மா மீன்களுக்குப் பொரி போட்டாள். சந்நிதியில் அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்ததைப் பார்த்தபோது, வந்த களைப்பெல்லாம் எனக்குப் பறந்துவிட்டது.

சாயங்காலம் தங்கும் விடுதி வாசலில் பையன்கள் பந்து விளையாடினார்கள். பந்தில் காற்று இல்லை. விடுவேனா? பம்பை எடுத்து வந்தேன். பந்து, பிறகு இரண்டு சைக்கிள், பிறகு விடுதிக்காரரின் மோட்டார் சைக்கிள், பிறகு அவர் மைத்துனரின் மோட்டார் சைக்கிள்! கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தது. பாட்டரியின் நான்கு விளக்குகளில் இரண்டு அணைந்தன. நான் கவனித்தேன், கவலைப்படவில்லை.

குளிர் ஒரு சக்கரத்துக்கு மட்டுமா?

காலையில் டயர்களை அளந்தேன். மூன்று சக்கரம் 33க்குப் பக்கத்தில் காட்டின. பின்பக்க இடது சக்கரம் மட்டும் 27.

“குளிரில் காற்று சுருங்கிவிட்டது” என்று அம்மாவிடம் விளக்கினேன். அது பொய்யல்ல. ஐந்தாறு டிகிரி குளிர்ந்தால் ஒரு பவுண்டு போல இறங்கும். அதே சமயம் மலைமேல் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு; அதனால் அளவுகோல் சற்று ஏற்றியும் காட்டும். இறக்கமும் ஏற்றமும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடு கட்டிவிடும். மூன்று சக்கரங்கள் மாறாமல் நின்றதன் ரகசியம் அதுதான்.

அம்மா கேட்டாள்: “குளிர் ஒரு சக்கரத்துக்கு மட்டுமா அடித்தது?”

ஸயன்ஸ் படித்த நான் பதில் சொல்லவில்லை. 33க்கு அடித்து மூடினேன். செம்மேட்டிலேயே பஞ்சர்க் கடை இருந்தது. கையில் பம்பு இருந்த திமிர், அதைத் தாண்டிப் போக வைத்தது. மிளகும் தேனும் மலை வாழையும் வாங்கி, சாப்பிட்டு, பிற்பகல் நாலு மணிக்கு இறங்க ஆரம்பித்தோம்.

ஓட்டைக் குடம்

ஐம்பத்தெட்டாவது வளைவில் வண்டி இடது பக்கம் இழுக்கிற மாதிரி இருந்தது. அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தினேன். 22! குனிந்து பார்த்தால், டயரின் நடுவில் ஓர் ஆணித்தலை பளபளத்தது. ஓரியின் அம்பு ஐந்தைத் துளைத்ததாம். இந்த ஆணி என் டயரையும் என் கர்வத்தையும் சேர்த்துத் துளைத்தது.

ஆணியைப் பிடுங்கவில்லை. பிடுங்கினால் அடைப்பு போய்க் காற்று ‘புஸ்’ஸென்று வெளியேறிவிடும். பம்பைப் போட்டு 33க்கு ஏற்றினேன். விளக்கு ஒன்றுதான் மிச்சம். நாற்பத்து நாலாவது வளைவில் மறுபடி 23. மறுபடி ஏற்றினேன். இந்தத் தடவை 28இலேயே நிறுத்தச் சொல்லி விளக்கு மின்னியது. செல்போனில் சிக்னல் இல்லை. மரங்களுக்கிடையே வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது. கீழே இன்னும் நாற்பத்து மூன்று வளைவுகள்! அண்ணா சொன்னது காதில் ஒலித்தது. கை நடுங்கியது.

“பயப்படாதேடி. அறுத்த மீனைப் பொருத்தியவர் அந்த மேலே இருக்கிறார்” என்றாள் அம்மா. அதோடு நிறுத்தவில்லை. “ஏண்டி, இந்த வண்டியில் இன்னொரு சக்கரம் இருக்குமே, அது எங்கே?”

“இருக்கிறது. அதில் காற்று இருக்கிறதோ என்னவோ.”

நான்கு பைகளும் பட்சணத் தூக்கும் இறங்கின. ஸ்டெப்னியை அளந்தேன். 14! எத்தனை மாதமாகப் பட்டினி கிடந்ததோ, பாவம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மீதிச் சார்ஜையும் ஓடுகிற டயரிலேயே போட்டு முடிந்தவரை உருட்டிவிடலாம் என்று குழாயை எடுத்தேன்.

அம்மா என் கையைப் பிடித்தாள்.

“இருக்கிறது ஒரு சொம்புத் தண்ணீர். அதை ஓட்டைக் குடத்தில் ஏன் ஊற்றுகிறாய்? நல்ல குடத்தில் ஊற்று.”

எனக்குச் சுரீரென்றது. ஓட்டை டயரில் அடித்தது பத்து வளைவுக்குள் போய்விடும். ஸ்டெப்னியில் அடித்தது அடிவாரம் வரைக்கும் நிற்கும். இவ்வளவு சின்னக் கணக்கு என் புத்திக்கு எட்டவில்லையே!

குழாயை ஸ்டெப்னியில் மாட்டினேன். செல்போன் வெளிச்சத்தை அம்மா பிடித்துக்கொண்டாள். மலைப்பலகையைப் படித்தது போலவே எண்ணைச் சத்தம் போட்டுப் படித்தாள். “பதினேழு... பத்தொன்பது... இருபத்திரண்டு...” பம்பின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. “இருபத்து நாலு... இருபத்தைந்து... இருபத்தாறு...” ஒரு முனகல். அவ்வளவுதான். பம்பு கண்ணை மூடிவிட்டது.

இருபத்தாறு! குறைவுதான். ஆனால் கையில் பையை ஏற்றிக்கொண்டு ஓடாமல், மெதுவாக நடந்து போகப் போதும்.

காரின் மற்றச் சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்தேன். ஜாக்கி வைப்பதற்கு முன்னால் திருகாணிகளைத் தளர்த்த வேண்டும். ஒன்றுகூட அசையவில்லை. கடையில் மெஷினை வைத்து இறுக்கியிருந்தார்கள். அப்போது மேலேயிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. மலைக்காரத் தம்பதி, நடுவில் இரண்டு பலாப்பழம். தானாகவே நிறுத்தினார்கள்.

“என்னக்கா, பஞ்சரா?” என்றான் அந்த இளைஞன். ஸ்பானரை மாட்டி, அதன் முனையில் ஏறி நின்று ஓர் அழுத்து அழுத்தினான். ‘கிறீச்’சென்று திருகாணி சுற்றியது. அவன் மனைவி அம்மாவைப் பாறை ஓரமாக உட்கார வைத்து, “குளிருதா ஆயா?” என்று தன் துண்டைப் போர்த்தினாள். கால் மணி நேரத்தில் சக்கரம் மாறிவிட்டது.

பணம் கொடுத்தேன். வாங்கவில்லை. “உங்கள் வண்டிக்காவது காற்று அடித்துத் தருகிறேன்” என்று பழக்கத்தில் பம்பை நீட்டினேன். அது செத்துக் கிடந்தது. நாலு பேரும் சிரித்துவிட்டோம். அவர்கள் எங்களுக்கு முன்னால் மெதுவாகவே போனார்கள். ஒவ்வொரு வளைவிலும் அவர்களுடைய சிவப்பு விளக்கு எங்களுக்காகக் காத்து நின்றது. முதல் வளைவுப் பலகை வந்ததும் ஹாரன் அடித்து விடைபெற்றுக்கொண்டார்கள்.

அடிவாரத்தில்

காரவள்ளியைத் தாண்டி ஒரு பஞ்சர்க் கடை. அங்கே பெரிய பீப்பாய் மாதிரி கம்பிரஸர். கடைக்காரர் டயரைத் தண்ணீரில் முக்கி, குமிழி வந்த இடத்தில் ஆணியைப் பிடுங்கி அடைத்தார். பிறகு என் பம்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்ல சாமானுங்க. ஆனா இது வைத்தியர் இல்லை, வைத்தியர் வீடு வரைக்கும் கூட்டிக்கிட்டு வர ஆள்” என்றார்.

அவர் சொன்னதைவிட நான் என்ன எழுதிவிடப் போகிறேன்? ஆனாலும், இந்தப் பம்பை வாங்கப் போகும் சகோதரிகளுக்கு, அடிபட்டவள் என்ற முறையில் நாலு வார்த்தை.

காற்று ஒரே சக்கரத்தில் இறங்கினால் அது குளிர் இல்லை, ஆணி. ஏற்றிக்கொண்டு நேரே பஞ்சர்க் கடைக்குப் போங்கள்.

டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்தாலும், டயர் வளையத்தை விட்டுக் கழன்றாலும் பம்பு உதவாது. வண்டியை நகர்த்தாதீர்கள்.

மாதம் ஒரு முறை ஸ்டெப்னியையும் அளவுங்கள். அதற்கு வாய் இல்லை, கேட்காது.

பம்புக்குப் புறப்படும் முன் முழுச் சார்ஜ் ஏற்றி, ஒயரையும் எடுத்துக்கொள்ளுங்கள். வேலை செய்யும்போது குழாயின் உலோக நுனி சுடும். பழந்துணி ஒன்று கூட இருக்கட்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் பம்பை நாள் கணக்கில் விட்டு வைக்காதீர்கள். பாட்டரிக்கு அது ஆகாது.

நாமக்கல் ஓட்டலில் ஒயர் பத்திரமாக இருந்தது. ராத்திரி அண்ணா கூப்பிட்டான். நடந்ததைச் சொல்லலாமா, வேண்டாமா என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோதே அம்மா டெலிபோனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“தரிசனம் திவ்வியமாக ஆயிற்றடா. உன் தங்கை ஒரு குறையும் வைக்கவில்லை. அது கிடக்கட்டும், உன் வண்டியில் ஐந்தாவது சக்கரம் இருக்கிறதே, அதில் காற்று இருக்கிறதா? போய்ப் பார்த்துவிட்டு வந்து அப்புறம் பேசு!”

மறுமுனையில் வெகு நேரம் சத்தமே இல்லை.